கொள்ளுத்தாத்தாவின் ‘லண்டன் அங்கீகாரம்’: சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா 1896-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி. & சி.எம். மருத்துவப் பட்டம் வாங்கியவர். ‘லண்டன் அங்கீகாரம் பெற்ற டாக்டர்’ என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய தம்பி மகன் 1926-ல் ராணுவ உடுப்பில் எடுத்த படமும் இருக்கிறது. பின்பக்கம் ‘கேடட்’ என்று எழுதியிருக்கிறது. குடும்ப மலரில் இருவரைப் பற்றியும் போட வேண்டும். லண்டனிலிருந்து அங்கீகாரச் சான்றிதழ் எடுத்துத் தருவதாக ஒருவர் 45,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி ஒரு சான்றிதழே கிடையாது. இல்லாத காகிதத்தைத்தான் அவர் விற்கிறார்.

அங்கீகாரம் கிடைத்தது பட்டத்துக்கு, ஆளுக்கு அல்ல. இந்த ஒன்று புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் இங்கே இயற்றிய சட்டத்தால் பிறந்தது. சிட்னி பல்கலைக்கழகம் 1858-லும் மெல்போர்ன் 1859-லும் அரசியின் சாசனம் வாங்கி, ‘எங்கள் பட்டமும் இங்கிலாந்துப் பட்டமும் சமம்’ என்று சொல்லிக்கொண்டன. சென்னைக்கு அப்படி ஒரு சாசனம் இல்லை. பி.ஏ. படித்தவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. டாக்டருக்குத்தான் சிக்கல். பிரிட்டனில் தொழில் செய்யவும், இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் என்ற ராணுவ மருத்துவப் பணியின் போட்டித் தேர்வில் உட்காரவும், அங்கே பதிவு செய்யத்தக்க தகுதி வேண்டும். அந்தப் பதிவை நடத்தியது 1858-ல் ஏற்பட்ட ஜெனரல் மெடிக்கல் கவுன்சில். பிரிட்டனின் 1886 மருத்துவச் சட்டம்தான் காலனிப் பட்டங்களைப் பதிவு செய்ய வழி திறந்தது. இலங்கை மருத்துவக் கல்லூரியின் எல்.எம்.எஸ். என்ற மருத்துவத் தகுதி சீக்கிரமே உள்ளே போய்விட்டது. இந்தியப் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு 1892 வரை ஆனது.

ஆக, 1896-ல் வாங்கிய எம்.பி. & சி.எம். பட்டம் பதிவுக்கு ஏற்றதுதான். ஆனால் உங்கள் கொள்ளுத்தாத்தா பதிவு செய்துகொண்டாரா என்பது வேறு கேள்வி. அந்த 1886 சட்டம் ஐந்து பவுன் வரை கட்டணம் வாங்க இடம் கொடுத்தது. பவுனுக்கு 15 ரூபாய் என்று வைத்தால் 75 ரூபாய். மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ வைத்தியம் பார்க்கிறவர் அதைக் கட்டி லண்டன் பதிவேட்டில் ஏற வேண்டிய அவசியம் இல்லை. பலர் ஏறவும் இல்லை. அதனால் அவர் படிப்புக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

பார்க்க வேண்டியது இரண்டு இடம். முதலில் சென்னைப் பல்கலைக்கழகக் காலண்டர். தேதி கிழிக்கும் காலண்டர் இல்லை; விதிமுறைகளோடு பட்டதாரிகள் பட்டியலும் சேர்த்து அச்சிட்ட தடிப் புத்தகம். பழைய நூலகங்களிலும் இணையத்திலும் தேடுங்கள். பட்டம் உண்மையா என்பது அதிலேயே முடிந்துவிடும். பட்டத்தின் நகல் கேட்டு அலுவலகத்துக்கு எழுதினால், பதிவெண் கேட்பார்கள், தேர்வு எழுதிய மாதம் கேட்பார்கள், கல்லூரியில் கேளுங்கள் என்பார்கள், கல்லூரி உங்களைத் திரும்பப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பும். நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய பதிவெண்ணுக்கு எங்கே போவது? அச்சான பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

அடுத்தது பிரிட்டனின் மெடிக்கல் ரெஜிஸ்டர், அதாவது மேலே சொன்ன லண்டன் பதிவேடு. 1859-லிருந்து ஆண்டுதோறும் அச்சானது. வம்சாவளி தேடும் கட்டண இணையதளம் ஒன்றில் 1859 முதல் 1959 வரை, நான்கு ஆண்டுக்கு ஒரு தொகுதி வீதம் இருக்கிறது. ஒரு மாதச் சந்தா கட்டினால் வேலை முடிந்தது. பெயர், முகவரி, பதிவான தேதி, தகுதி என்று ஒரே வரியில் இருக்கும். காலனிப் பட்டக்காரர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, பொதுப் பட்டியலோடு கலந்திருக்காது.

தேடும்போது பெயரில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆங்கில அகரவரிசையில் ஐயர் ‘ஐ’யிலும் இருப்பார், ‘ஏ’யிலும் இருப்பார். முதலியார் ‘மூடெலி’ ஆகியிருப்பார். பிள்ளை, நாயுடு எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. சாதிப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து வரிசைப்படுத்தியிருக்கலாம், சொந்தப் பெயரை வைத்தும் இருக்கலாம். இரண்டு வழியிலும் பாருங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள். சென்னையில் பட்டம் வாங்கிய பிறகு ஸ்காட்லாந்தின் எடின்பரோ போய் எல்.ஆர்.சி.பி., எல்.ஆர்.சி.எஸ். போன்ற மருத்துவ உரிமம் வாங்கியவர்கள் உண்டு. 1892-க்கு முன் லண்டன் பதிவேட்டில் ஏற அதுவே வழி, பின்னாலும் பலர் போனார்கள். அப்படிப்பட்டவர் பிரிட்டிஷ் தகுதியால் பதிவானதால் பொதுப் பட்டியலில் இருப்பார், காலனிப் பட்டியலில் இருக்க மாட்டார். காலனிப் பட்டியலை மட்டும் புரட்டிவிட்டு ‘பெயர் இல்லை’ என்று மூடிவிடாதீர்கள். வீட்டில் பழைய பித்தளைப் பெயர்ப்பலகை இருந்தால் எடுத்துத் துடைத்துப் பாருங்கள். சென்னைப் பட்டத்துக்குப் பக்கத்தில் ‘எடின்.’ என்று தேய்ந்த நாலு எழுத்து தெரிந்தால் நேராகப் பொதுப் பட்டியலுக்குப் போங்கள்.

தரகர்கள் பிழைப்பு நடத்துவது இந்த இடத்தில்தான். தப்பான பட்டியலில் தேடுவார்கள், கிடைக்காது. உடனே ‘போரில் குண்டு விழுந்து ஆவணம் எரிந்துவிட்டது, சிறப்புத் தேடலுக்கு இன்னும் 20,000 ஆகும்’ என்பார்கள். 1940-ல் லண்டனில் ஒரு கிடங்கு எரிந்தது உண்மை. அதில் போனவை பெரும்பாலும் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகள். மெடிக்கல் ரெஜிஸ்டர் பல நூலகங்களுக்குப் போன அச்சுப் புத்தகம், ஒரு கிடங்கோடு எரிந்துபோக அது கையெழுத்துப் பிரதி அல்ல. கடைசியில் அவர்கள் கொடுப்பது அதே பக்கத்தின் நகல்தான், மேலே ஒரு வட்ட முத்திரை. அந்த முத்திரைக்குத்தான் 45,000.

‘1930-ல் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டார்களே’ என்றும் மிரட்டுவார்கள். ரத்து செய்தது உண்மை. பிரசவப் பயிற்சி போதாது என்று லண்டன் வருஷக்கணக்காகக் குறை சொன்னது. மாணவன் எத்தனை பிரசவம் பார்த்தான் என்ற கணக்கில் தொடங்கிய சச்சரவு, கல்லூரிகளைச் சோதிக்க யாரை வைப்பது என்ற கௌரவச் சண்டையாக முடிந்தது. அடி வாங்கியது அந்த வருஷங்களில் படித்து வெளியே வந்த பையன்கள். 1933-ல் இந்திய மெடிக்கல் கவுன்சில் சட்டம் வந்ததே இந்த ரகளையால்தான். 1896 பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி ‘கேடட்’. அவர் கல்லூரிப் படையில் இருந்தாரா, அதிகாரி பதவிக்கான பயிற்சிக்குப் போனாரா என்பதுதான் கேள்வி. படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தோள்பட்டையில் நட்சத்திரம் இல்லாமல் ‘யு.டி.சி.’ என்று பித்தளை எழுத்து இருந்தால் அது யுனிவர்சிட்டி டிரெயினிங் கோர். கல்லூரிப் பையன்கள் டிரில் பழகி, ஆண்டுக்கு ஒருமுறை முகாம் போன படை. அதிகாரி பதவி அல்ல. அரசரின் கமிஷன் என்ற அதிகாரி பதவிக்குப் போகும், இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி இடங்களோ 1918-லிருந்து இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்குப் பத்துதான், பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. டேராடூன் ராணுவ அகாடமி திறந்ததே 1932-ல். 1926 படத்துக்கு அது பொருந்தாது. சந்தேகம் தீரவில்லை என்றால் லண்டன் கெசட் என்ற பிரிட்டிஷ் அரசிதழை இணையத்தில் இலவசமாகத் தேடுங்கள், 1926-லிருந்து 1929 வரை பார்த்தால் போதும். சாண்ட்ஹர்ஸ்ட் முடித்த இந்தியர் முதலில் ‘அன்அட்டாச்டு லிஸ்ட்’ (எந்தப் படைப்பிரிவிலும் இன்னும் சேராதவர்கள்) என்ற தலைப்பின் கீழ் வருவார். அதில் இல்லையென்றால் சாண்ட்ஹர்ஸ்ட் பேச்சை விட்டுவிடுங்கள்.

குடும்ப மலரில் இப்படிப் போடலாம்: “எம்.பி. & சி.எம்., சென்னைப் பல்கலைக்கழகம், 1896.” ரெஜிஸ்டரில் பெயர் கிடைத்தால் மட்டும் “பிரிட்டிஷ் மெடிக்கல் ரெஜிஸ்டரில் பதிவானவர்” என்று ஆண்டோடு சேருங்கள். சின்னவர் படத்துக்கு, தோளில் அந்தப் பித்தளை எழுத்து தெரிந்தால், “யுனிவர்சிட்டி டிரெயினிங் கோர், 1926.”