நெஞ்சறிந்த பொய்யா?

கேள்வி: 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் தமது வெற்றி திருடப்பட்டது என்று டொனால்ட் டிரம்ப் கூறியதைச் சென்ற இதழில் "நெஞ்சறிந்த பொய்" என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது உண்மையல்ல என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் அதை உண்மை என்றே நம்பியிருக்கலாம் அல்லவா? ஒருவருடைய மனத்துக்குள் இருப்பதை அறியாமல் அவரைப் பொய்யர் என்பது முறையா?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

பதில்: உங்கள் ஆட்சேபம் நியாயமானது, ஐயா. தவறானதைச் சொல்வது வேறு, தவறென்று தெரிந்தே சொல்வது வேறு. முதலாவதற்கு எண்ணிக்கையே சாட்சி: அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளான தேர்வாளர்களின் வாக்குகளில் ஜோ பைடனுக்கு 306, டிரம்புக்கு 232, அதை எதிர்த்து டிரம்ப் தரப்பினர் தொடுத்த 60க்கும் மேற்பட்ட வழக்குகளில் எதுவும் முடிவை மாற்றவில்லை. இரண்டாவதற்கு அவரது நெஞ்சைத் தவிர நேரடிச் சாட்சி கிடையாது. எனவே அந்தச் சொல்லை எதை வைத்து எழுதினேன் என்று விளக்க வேண்டியது என் கடமை.

அவர் நம்பினார் என்று வாதிடுபவர்கள் சொல்வதில் சாரம் இருக்கிறது. தேர்தல் இரவில் பென்சில்வேனியாவில் அவர் பல லட்சம் வாக்குகள் முன்னிலையில் இருந்தார். தபால் வாக்குகளின் உறைகளைத் தேர்தல் நாளுக்கு முன்பாகப் பிரித்து ஆயத்தப்படுத்த அம்மாநிலச் சட்டம் இடம் தராததால் அவை பிறகுதான் எண்ணப்பட்டன. தபால் வாக்கே மோசடி என்று டிரம்ப் மாதக்கணக்கில் பேசியிருந்ததால் அவருடைய ஆதரவாளர்கள் நேரில் வந்து வாக்களித்திருந்தார்கள், ஆகவே தபாலில் வந்தவற்றில் பெரும்பகுதி பைடனுடையதாக இருந்தது. தம் கண்ணெதிரே முன்னிலை கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ரூடி ஜூலியானி போன்ற வழக்கறிஞர்கள் பக்கத்தில் நின்று "நீங்கள்தான் வென்றீர்கள்" என்று இரவும் பகலும் சொல்லும்போது, அதை நம்பிவிடுவது மனித இயல்புக்கு மாறானதல்ல. பின்னால் எண்ணப்படும் வாக்குகள் எதிராக வரும் என்று அவருடைய பிரச்சார மேலாளர் பில் ஸ்டெபியன் முன்கூட்டியே எச்சரித்திருந்தார் என்பது உண்மைதான். ஆனால் எச்சரிக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதை மனத்தில் ஏற்றுக்கொள்வதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். "நான் வென்றேன்" என்பது ஒரு கூற்று. "ஜார்ஜியாவில் இறந்தவர்கள் பெயரில் ஏறத்தாழ 5,000 வாக்குகள் விழுந்தன" என்பது வேறு வகைக் கூற்று. முன்னதை ஒருவர் எந்த ஆதாரமும் இல்லாமல் சாகும்வரை நம்பலாம். பின்னது சரிபார்க்கக்கூடியது, சரிபார்த்து, தவறென்று அவரிடமே சொல்லப்பட்டது. அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான் என் பதில் இருக்கிறது.

2020 டிசம்பர் 27 அன்று அமெரிக்க அரசின் நீதித்துறையின் (இது நீதிமன்றமல்ல, அரசின் வழக்குகளை நடத்தும் துறை) தற்காலிகத் தலைவர் ஜெஃப்ரி ரோசனும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த ரிச்சர்ட் டானஹியூவும் டிரம்புடன் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தொலைபேசியில் பேசினார்கள். டானஹியூ கையால் குறிப்பெடுத்துக்கொண்டே பேசினார். மிச்சிகன் மாநிலத்தின் ஆன்ட்ரிம் வட்டாரத்தில் வாக்கு இயந்திரங்கள் 68 சதவீதம் பிழை செய்தன என்றொரு அறிக்கை அப்போது பரவியிருந்தது. அங்கே வாக்குச்சீட்டுகள் கையால் மறுபடி எண்ணப்பட்டுவிட்டன, உண்மையான பிழை ஏறக்குறைய 15,000 சீட்டுகளுக்கு ஒன்று என்று டானஹியூ விளக்கினார். டிரம்ப் அதை மறுக்கவில்லை. சரி, மற்றவை என்ன ஆயிற்று என்று அடுத்த குற்றச்சாட்டுக்குப் போனார். நேரடியாக விடை சொன்ன ஒவ்வொரு முறையும் அதை எதிர்த்து வாதிடாமல் வேறொன்றுக்குத் தாவினார் என்று டானஹியூ பின்னர் சாட்சியமளித்தார். தேர்தல் முடிவை நீதித்துறையால் மாற்ற இயலாது, மாற்றவும் மாட்டோம் என்று ரோசன் சொன்னபோது வந்த பதிலைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். "அதைச் செய்யும்படி நான் கேட்கவில்லை. தேர்தல் ஊழலானது என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை நானும் நாடாளுமன்றத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் பார்த்துக்கொள்கிறோம்" என்பதே அந்தப் பதில்.

வீட்டில் நகை களவு போனது என்று உண்மையாகவே நம்புகிறவர், காவல் நிலையத்துக்குப் போய்க் கள்ளனைக் கண்டுபிடிக்கச் சொல்வார். களவு நடந்தது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லமாட்டார்.

ஆறு நாள் கழித்து, 2021 ஜனவரி 2 அன்று, ஜார்ஜியாவில் தேர்தல் பொறுப்பிலிருந்த மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கருடன் அவர் பேசிய ஒரு மணி நேரப் பதிவை நான் முழுவதும் கேட்டிருக்கிறேன். 11,780 வாக்குகளைத் தேட வேண்டும் என்று அவர் சொன்ன வரியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் அங்கே தோற்ற வித்தியாசம் 11,779. எனக்கு அதைவிட நெஞ்சில் தைத்தது வேறோர் இடம். அட்லாண்டாவின் வாக்கு எண்ணும் மையத்தில் எடுக்கப்பட்ட கண்காணிப்புக் காட்சியை டிரம்ப் மோசடிக்கு ஆதாரமாகச் சொல்கிறார். அந்தக் காட்சியை முழுமையாக ஆராய்ந்துவிட்டோம், உங்கள் தரப்பினர் அதை வெட்டி ஒட்டிக் காட்டியிருக்கிறார்கள், முழுக் காட்சிக்கான இணைப்பை அனுப்புகிறோம் என்கிறார் ராஃபென்ஸ்பெர்கர். உங்கள் இணைப்பு எனக்குத் தேவையில்லை, என்னிடம் இதைவிட நல்ல இணைப்பு இருக்கிறது என்று டிரம்ப் விலக்கிவிடுகிறார். இறந்தவர்களின் வாக்கு 5,000 அல்ல, இரண்டு என்று அதே உரையாடலில் அவருக்குச் சொல்லப்பட்டது. அதன் பிறகும் அவர் அந்தக் குற்றச்சாட்டைக் கைவிடவில்லை.

ரோசனுக்கு முன்பு அட்டர்னி ஜெனரலாக, அதாவது நீதித்துறைத் தலைவராக, இருந்த வில்லியம் பார், டிரம்பாலேயே நியமிக்கப்பட்டவர். இதையெல்லாம் இவர் உண்மையிலேயே நம்பினால் நிதர்சனத்திலிருந்து விலகிப்போய்விட்டார் என்றுதான் அர்த்தம் என்று தாம் நினைத்ததாக, 2021 ஜனவரி 6 கலவரத்தை ஆராய்ந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் அவர் சொன்னார். அதோடு, நடந்த உண்மை என்ன என்பதில் டிரம்ப் ஒருபோதும் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். முதல் வாக்கியத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கேள்விக்கு விடை இரண்டாவதில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

கையெழுத்துச் சாட்சி ஒன்றும் இருக்கிறது. ஜார்ஜியா வழக்கில் இறந்தவர்கள், தண்டனை பெற்றவர்கள், பதிவு செய்யாதவர்கள் என்று எண்ணிக்கையோடு டிரம்ப் தரப்பு மனு தாக்கல் செய்திருந்தது. அந்த எண்களில் சில தவறு என்று அதிபருக்குத் தெரியவந்துவிட்டது, அவற்றைச் சரியென்று அவர் மறுபடி உறுதிமொழி அளிப்பது சரியாக இராது என்று அவருடைய வழக்கறிஞர் ஜான் ஈஸ்ட்மனே 2020 டிசம்பர் 31 அன்று சக வழக்கறிஞர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். அதன் பிறகும் டிரம்ப் உறுதிமொழியில் கையெழுத்திட்டார். எண்கள் தவறு என்று அறிந்தே நீதிமன்றத்திலும் மக்களிடமும் அவற்றைச் சொல்லிவந்தார் என்று கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிபதி டேவிட் கார்ட்டர் 2022 அக்டோபரில் எழுதினார்.

எனவே, ஐயா, "நெஞ்சறிந்த பொய்" என்ற சொல்லை அந்த எண்களுக்கு நான் திரும்பப் பெறமாட்டேன். "நான் வென்றேன்" என்ற மொத்தக் கூற்றுக்கு அதே சொல்லைப் பயன்படுத்தியது என் தவறு, அதைத் திருத்திக்கொள்கிறேன். அந்த நம்பிக்கை ஆதாரங்களிலிருந்து பிறந்ததல்ல. அதற்குப் பொருந்தும் ஆதாரங்கள் பின்னால் தேடப்பட்டன, ஒன்று உடைந்தால் இன்னொன்று வைக்கப்பட்டது. தேர்தலுக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் இருக்கும்போதே, 2020 ஆகஸ்டில், மோசடி நடந்தால் மட்டுமே நாம் தோற்போம் என்று அவர் மேடையில் சொல்லிவிட்டார். அப்போது ஒரு வாக்குகூடப் பதிவாகியிருக்கவில்லை.

கேள்வி: தாம் தோற்றதை டிரம்ப் தனிமையில் ஒப்புக்கொண்டதாகச் சாட்சிகள் இருக்கும்போது, அவர் நம்பினாரா என்று ஏன் இன்னும் விவாதிக்க வேண்டும்?
*— வாசகி, கோயம்புத்தூர்*

பதில்: சாட்சிகள் இருப்பது உண்மை. தொலைக்காட்சியில் பைடனைப் பார்த்து, இந்த ஆளிடமா நான் தோற்றேன் என்று வசையோடு கேட்டதாக அவருடைய வெள்ளை மாளிகையில் தகவல் தொடர்பு அதிகாரியாக இருந்த அலிசா ஃபாரா கிரிஃபின் சொன்னார். நாம் தோற்றது மக்களுக்குத் தெரிவதை நான் விரும்பவில்லை என்று வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் மார்க் மெடோஸிடம் சொன்னதைத் தாம் கேட்டதாக மெடோஸின் உதவியாளர் காசிடி ஹட்சின்சன் உறுதிமொழியின் கீழ்க் கூறினார். 2024 செப்டம்பரில் ஒரு பேட்டியில் மயிரிழையில் தோற்றதாக டிரம்பே சொல்லி, சில நாளில் கமலா ஹாரிஸுடனான விவாத மேடையில் அது கிண்டலாகச் சொன்னது என்று மறுத்தார்.

ஆயினும் இவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆத்திரத்திலும் அவமானத்திலும் வாயிலிருந்து விழும் சொல் நெஞ்சின் முழுக் கணக்காகாது. இழவு வீட்டில் "போய்விட்டாரே" என்று அழுகிறவரே மறுநிமிடம் வாசலைப் பார்த்துக் காத்திருப்பதுண்டு. இரண்டுமே உண்மையான உணர்வுகள்தான். அதனால்தான் வாய்தவறிய சொற்களைவிட, ஆற அமர யோசித்துப் போட்ட கையெழுத்துக்கும் ஒன்றரை மணி நேரத் தொலைபேசிக் குறிப்புக்கும் நான் அதிக மதிப்புத் தருகிறேன்.

கேள்வி: அவர் உண்மையாக நம்பியிருந்தால் அவர்மீது குற்ற வழக்குத் தொடுத்தது அநீதிதானே?
*— சட்டக் கல்லூரி மாணவர், மதுரை*

பதில்: இல்லை, தம்பி. 2023 ஆகஸ்ட் 1 அன்று சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, தொடக்கத்திலேயே, தேர்தலைப் பற்றிப் பேசவும் தாம் வென்றதாகத் தவறாகச் சொல்லவும்கூட டிரம்புக்கு மற்றக் குடிமக்களைப் போலவே உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. வழக்குப் பேச்சைப் பற்றியதல்ல, செயலைப் பற்றியது.

நம் ஊர் வரப்புத் தகராற்றை எண்ணிப் பார். நிலம் தனது பாட்டன் சொத்து என்று ஒருவர் மனதார நம்பலாம், வழக்குப் போடலாம், தோற்றால் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பு எதிராக வந்த பிறகு போலிப் பத்திரம் எழுதிப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், நிலம் என்னுடையது என்று நம்பித்தான் எழுதினேன் என்பது எடுபடுமா? 2020 டிசம்பர் 14 அன்று ஏழு மாநிலங்களில் டிரம்ப் ஆதரவாளர்கள் கூடி, தாங்களே முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தேர்வாளர்கள் என்று சான்றிதழில் கையெழுத்திட்டுத் தலைநகருக்கு அனுப்பினார்கள். அவர்களில் நியூ மெக்சிகோ, பென்சில்வேனியா மாநிலத்தவர் மட்டும், தேர்வாளர்களாகப் பின்னர் அங்கீகரிக்கப்பட்டால் என்ற பொருள்பட ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு வரியைச் சேர்க்கத் தோன்றியதே, சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததைக் காட்டுகிறது.

வஞ்சகக் குற்றங்களில் உள்நோக்கத்தை அரசுத் தரப்பு நிரூபிக்கத்தான் வேண்டும். ஆகவே நம்பிக்கை பற்றிய கேள்வி வழக்கில் இடம்பெறாமல் போயிருக்காது. டிரம்ப் தாம் குற்றவாளி அல்ல என்று வாதிட்டார். 2024 நவம்பரில் அவர் மறுபடி வென்றதும், பதவியிலிருக்கும் அதிபர்மீது வழக்கு நடத்துவதில்லை என்ற நீதித்துறைக் கொள்கையின்படி வழக்குக் கைவிடப்பட்டது. நடுவர் குழு ஒன்று இரு பக்கத்தையும் கேட்டு அந்த நெஞ்சை எடைபோடும் நாள் வராமலே போயிற்று. அதை நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

கேள்வி: நம்பிச் சொன்னாலும் நம்பாமல் சொன்னாலும் விளைவு ஒன்றுதானே? யாருக்காக இந்த ஆராய்ச்சி?
*— வாசகர், திருநெல்வேலி*

பதில்: ரூபி ஃப்ரீமன், ஷே மாஸ் என்ற தாய்க்கும் மகளுக்கும் விளைவு ஒன்றுதான். அட்லாண்டாவில் வாக்கு எண்ணிய அவர்கள் ஏதோ கைமாற்றிக்கொள்வது நான் மேலே சொன்ன காட்சியில் தெரிகிறது. அது வாக்கு இயந்திரத்தில் செருகும் நினைவுக் குச்சி என்றார் ஜூலியானி. மகளுக்குத் தாய் கொடுத்தது இஞ்சி மிட்டாய் என்று 2022 ஜூனில் ஷே மாஸ் சாட்சியமளித்தார். ராஃபென்ஸ்பெர்கருடன் பேசிய ஒரு மணி நேரத்தில் டிரம்ப் அந்தத் தாயின் பெயரை 18 முறை சொன்னார், அவரை வாக்கு மோசடிக்காரர் என்றார். மிரட்டல்கள் குவிந்தன, வீட்டில் இருப்பது பாதுகாப்பல்ல என்று எஃப்.பி.ஐ. சொல்ல, ரூபி ஃப்ரீமன் சுமார் இரண்டு மாதம் வெளியே தங்கினார். 2023 டிசம்பரில் ஜூலியானி அவர்களுக்கு 14.8 கோடி டாலர் தர வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. தொலைபேசியில் பெயரைச் சொன்னவர் அந்த வழக்கில் பிரதிவாதி அல்ல.

நீங்கள் கேட்டதற்கு என் விடை இதுதான்: மறுப்பு வந்த பிறகும் ஒருவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பவரிடம், நீ நம்பினாயா என்று கேட்கும் உரிமை அந்தப் பெயருக்கு உரியவருக்கு இருக்கிறது. ரூபி ஃப்ரீமனை ஊரார் லேடி ரூபி என்றே அறிந்திருந்தார்கள். அந்தப் பெயர் எழுதிய சட்டையைப் பெருமையோடு அணிந்துதான் அவர் 2020 தேர்தல் நாளன்று வேலைக்குப் போனார். அதன் பிறகு அதை அணியவில்லை, இனியும் அணியப்போவதில்லை என்று விசாரணைக் குழுவிடம் சொன்னார்.