தக்காளிப் பரப்பும் விலையும்: இரு மாவட்டப் புள்ளிவிவரங்களை எங்கே தேடுவது?

கேள்வி: தருமபுரியில் எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 1995 முதல் தக்காளிச் சாகுபடிப் பரப்பும் விலையும் மாறிய விதத்தை ஆராய்கிறேன். இடத்துக்கு ஓர் எண் கிடைக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: எண்ணைத் தேடும் முன் எல்லையைப் பாருங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-இல்தான். அதற்கு முந்தைய அறிக்கைகளில் தருமபுரி என்றால் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அதற்குள் அடங்கும். இதைக் கவனிக்காமல் வரைபடம் போட்டால், பிரிவினைக்குப் பின் தருமபுரி விவசாயிகள் தக்காளியைக் கைவிட்டதுபோல் தெரியும். பிந்தைய ஆண்டுகளில் இரு மாவட்டங்களையும் கூட்டி ஒரே தொடராக்குங்கள். தனித்தனியாகத்தான் வேண்டுமென்றால் பழைய ஆண்டுகளுக்கு வட்டவாரிக் கணக்கு தேவைப்படும்.

பரப்புக்கு மூலம், மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவம் மற்றும் பயிர் அறிக்கை. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பயிர்ப் பதிவேடான அடங்கலிலிருந்து திரள்வது அது. ஆகவே அது பசலி ஆண்டு: ஜூலை முதல் ஜூன் வரை. விலையின் சராசரியையும் அதே பன்னிரண்டு மாதங்களுக்கு எடுங்கள். ஒரே நிலத்தில் ஆண்டுக்கு இருமுறை பயிரிட்டால் மொத்தப் பரப்பில் இருமுறை சேரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெரிய சிக்கல் விலையில்தான். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளம் தினசரி விலையைக் குவிண்டாலுக்குத் தருகிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பதிவுகளில் பல உழவர் சந்தை விலைகள். அங்கே விவசாயி நுகர்வோருக்கு நேரடியாக விற்கிறார். பாலக்கோடு மண்டியில் வியாபாரி கொடுக்கும் விலை வேறு. இரண்டையும் ஒரே வரிசையில் கலந்துவிட்டால் விவசாயிக்குக் கிடைத்ததைவிட அதிகமாகக் காட்டிவிடுவீர்கள். விலை சரிந்து பழத்தைச் சாலையோரம் கொட்டிய ஆண்டுகளின் வலி உங்கள் அட்டவணையில் மறைந்துபோகக் கூடாது. மண்டி விலை பெட்டிக் கணக்கில் கிடைத்தால் பெட்டியின் எடையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

விவசாயக் குடும்பங்களின் வருமானத்தையும் சேர்க்க நினைத்தால், தேசிய மாதிரி ஆய்வின் பழைய சுற்றுகளிலிருந்து மாவட்ட எண் எடுக்காதீர்கள். அவற்றின் மாதிரி, மாநில அளவிலான மதிப்பீட்டுக்காக அமைக்கப்பட்டது.

இணையத்தில் இல்லாத ஆண்டுகளுக்கு மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்துக்கு நெறியாளரின் கடிதத்தோடு நேரில் போங்கள். மாவட்டப் புள்ளியியல் கையேட்டின் பழைய பதிப்புகளைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், எந்த ஆண்டு, எந்த வட்டம், எந்தப் பயிர் என்று தெளிவாக எழுதித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள்.