24 மணி நேரக் கெடுவும் மலைப்பாதையும்

வணக்கம் சகோதரி. செவ்வாய் மாலை 6 மணிக்குக் கோத்தகிரியில் உங்கள் தம்பியை அழைத்துச் சென்ற காவலர்கள், வியாழன் காலை ஆகியும் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை என்றும், மழையில் மலைப்பாதை மோசமாக இருப்பதால் பயண நேரம் கணக்கில் வராது என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அது பாதி உண்மைதான். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்பதே விதி. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, கைதான இடத்திலிருந்து நடுவர் நீதிமன்றம் வரை செல்லத் தேவையான நேரத்தை மட்டுமே 24 மணி நேரத்திலிருந்து விலக்குகிறது. கோத்தகிரியிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்பதால், எவ்வளவு மூடுபனி இருந்தாலும் அந்தப் பயணம் ஓர் இரவையும் ஒரு பகலையும் விழுங்கிவிடாது. வழக்கை விசாரிக்கும் அதிகார வரம்பு இல்லாத நடுவர் முன்பும் நிறுத்தலாம் என்று அதே பிரிவு சொல்வதால், உரிய நீதிமன்றம் தொலைவில் இருக்கிறது என்ற சமாதானமும் நிற்காது.

கைதான நேரத்தைக் காவலர்கள் பதிவு செய்யும் கைதுக் குறிப்பின் நகலை உடனே கேளுங்கள். அதில் கைதான நாள் புதன்கிழமை என்று எழுதியிருந்தால், செவ்வாய் மாலை நேரில் பார்த்தவர்களின் விவரங்களையும் உங்கள் அழைப்புப் பதிவுகளையும் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் இவையே பேசும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்கிறீர்கள். 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். இன்று மாலைக்குள்ளும் நிறுத்தப்படாவிட்டால், அப்படிக் கிடைக்கும் வழக்கறிஞர் வழியாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனு) தாக்கல் செய்யத் தயங்காதீர்கள்.