சொந்த முகவரி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2009 முதல் பிளாக்ஸ்பாட்டில் எழுதுகிறேன். 340 கட்டுரைகள், பெரும்பாலும் கல்வெட்டுகள் பற்றி. ஐந்தாறு வருடமாக எழுதுவதெல்லாம் ஃபேஸ்புக்கில்தான்; அங்கே எழுதியதை மறுமாதம் நானே தேடினாலும் கிடைப்பதில்லை. சொந்தத் தளம் வைக்கச் சொல்கிறார் மருமகன். சும்மா கிடைக்கும் இடத்தை விட்டுக் காசு கொடுத்துப் போக வேண்டுமா? போவதென்றால் எப்படி?

க.மு., திருச்சி

அன்புள்ள க.மு.,

சும்மா கிடைக்கும் இடத்தை இப்போதைக்கு விட வேண்டாம். சொந்தமாக ஒரு முகவரியை, அதாவது டொமைன் பெயரை மட்டும் வாங்குங்கள்.

காரணம் உங்கள் கட்டுரைகளுக்குள்ளேயே கிடக்கிறது. ஒரு காலத்தில் இந்திய வாசகர்களை கூகுள் தானாகவே ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’னுக்குத் திருப்பிவிட்டது. நாமும் அதையே நகலெடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினோம். 2020இல் அந்தப் பெயர் காலாவதியாகி வேறு கைக்குப் போயிற்று. டாட் காமில் கட்டுரைகள் பத்திரமாக இருந்தன. டாட் இன் இணைப்புகள் செத்தன. நீங்கள் கொடுத்த பழைய இணைப்புகளில் எத்தனை அப்படி என்று தேடிப் பாருங்கள். இடம் இலவசம், முகவரி இரவல்.

சொந்தமாக ஒரு டாட் காம் முகவரிக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். 10 ஆண்டு வரை ஒரே தடவையில் கட்டலாம், கட்டிவிடுவது நல்லது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி மாறியதிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அட்டையில் தானாகப் பணம் போவது பலருக்கும் நின்றுவிட்டது. போகும் என்று நம்பி இருந்தால் முகவரி போய்விடும். கெடு தாண்டி அழிப்புக்கு வந்த பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அபராதம் தீட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு 5 நாள் யாராலும் தொட முடியாது, அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

வாங்கியதும் பிளாக்கரின் (பிளாக்ஸ்பாட்டை நடத்தும் கூகுள் சேவை) அமைப்புகளில் ‘கஸ்டம் டொமைன்’ பகுதியில் கொடுங்கள். அது இரண்டு சி-நேம் பதிவுகள் (முகவரி வாங்கிய நிறுவனத்தின் பக்கத்தில் சேர்க்கும் வழிகாட்டிக் குறிப்புகள்) கேட்கும்: ஒன்று மூன்று டபிள்யூவைக் கூகுளுக்குக் காட்ட, இன்னொன்று பெயர் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள்; டபிள்யூ போடாமல் அடித்தால் தளம் திறக்காது. டபிள்யூ இல்லாத முகவரிக்காக அதே இடத்தில் நான்கு ‘ஏ’ பதிவுகளையும் சேர்த்து, பிளாக்கரில் ‘ரீடைரக்ட் டொமைன்’ பொத்தானையும் தட்ட வேண்டும். பழைய பிளாக்ஸ்பாட் டாட் காம் இணைப்புகளைப் பிளாக்கரே புது முகவரிக்கு அனுப்பிவிடும். ஒரு வருடம் இப்படியே ஓட்டலாம்.

வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளுக்கோ வேறெதற்கோ மாறும்போதுதான் தமிழ்த் தலைப்பு வேலையைக் காட்டும். தமிழில் தலைப்பிட்டால் பிளாக்கர் ‘பிளாக்-போஸ்ட்_23’ என்று ஏதோ ஓர் எண் போட்டு முகவரி தரும். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை அப்படியே கட்டுரையின் முகவரியாக எடுத்துக்கொள்ளும், ஆனால் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து இடம். தமிழின் ஒவ்வொரு குறியும் முகவரிக்குள் 9 எழுத்தாக விரியும். ‘கல்வெட்டு’ என்ற சொல்லில் க, ல, புள்ளி, வ, எகரக் கொம்பு, ட, புள்ளி, ட, உகரக் குறி என ஒன்பது. ஆக 81 எழுத்து. 22 குறிக்கு மேல் இடமில்லை. மூன்றாம் சொல்லின் நடுவில் கத்தரி விழும். வாட்ஸாப்பில் அனுப்பினால் அரைப் பக்கத்துக்கு விழுக்காட்டுக் குறிகள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் மூன்று சொல்லாக, வெளியிடும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

பழைய 340க்கும் முகவரி அமைப்பை ஆண்டு, மாதம், பழைய பெயர், கடைசியில் டாட் ஹெச்டிஎம்எல் என்றே வையுங்கள். மாறிப்போனவற்றுக்கு 301 திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) போட வேண்டும். சலிப்பான வேலைதான், மருமகனைப் பிடியுங்கள்.

பிளாக்கர் தரும் காப்பில், கட்டுரைகளும் மறுமொழிகளும் உள்ள கோப்புக்குள் படங்கள் இருக்காது. புதுத் தளத்திலும் படங்கள் தெரியும், ஆனால் கூகுளின் கிடங்கிலிருந்துதான் வந்துகொண்டிருக்கும். அது தெரியாமல் பழைய வலைப்பூவை அழித்தால் கல்வெட்டுப் படங்கள் அத்தனையும் போகலாம். படங்களைத் தனியே இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றிய பிறகு நாலு கட்டுரையைத் திறந்து பட முகவரிகளைச் சோதியுங்கள்.

ஃபேஸ்புக் பதிவுகளை இறக்கும்போது ஹெச்டிஎம்எல் வடிவத்தைக் கேளுங்கள். ஜேசான் என்ற இன்னொரு வடிவத்தில் தமிழ் சிதைந்து வரும்.

செய்தியோடையை (புதுக் கட்டுரைகளைத் தளத்துக்கு வராமலே வாசகருக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் வசதி) அணைத்துவிடாதீர்கள். ‘முழு’ என்று வையுங்கள், முதல் பத்தியோடு வெட்ட வேண்டாம். பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஓடியது அதில்தான். 2013இல் ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடப்பட்டபோது ஓடையும் செத்தது என்றார்கள்; மூடியது ஒரு கடை, ஓடை இன்றும் வேலை செய்கிறது. ஃபேஸ்புக்கை விட்டு வர வேண்டியதில்லை. முதலில் தளத்தில் போட்டு, பிறகு அங்கே இணைப்பைக் கொடுங்கள்.

முகவரியை வாங்கித் தரப்போவது மருமகன் என்றால், பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். அந்த மின்னஞ்சல் அதே முகவரியில் முடிவதாக இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் எச்சரிக்கைக் கடிதமும் வந்து சேராது.