ஸ்லீவ் அறுவைக்குப் பின் மூச்சுப் பயிற்சி: ஒரு பந்துதான் எழுகிறதா?

வணக்கம் சகோதரி. அம்மாவுக்கு ஸ்லீவ் அறுவை (எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை) முடிந்து இரண்டாம் நாள், ஸ்பைரோமீட்டரில் (குழாய் வழியே மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்துகளை எழுப்பும் பயிற்சிக் கருவியில்) ஒரு பந்துதான் எழுகிறது, தலைசுற்றுகிறது, வலிக்குப் பயந்து இருமுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று பந்தையும் எழுப்புவது இலக்கே அல்ல. முதல் பந்துக்கு நொடிக்கு 600 மி.லி. காற்றோட்டம் போதும். அதை 3 நொடி மேலேயே நிறுத்தும்படி மெதுவாக, நீளமாக உறிஞ்சட்டும். வெடுக்கென்று இழுத்தால் மூன்றும் எழும், ஆனால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. மயக்க மருந்தாலும், வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதாலும் சுருங்கிக் கிடப்பது அந்த அடிப்பகுதிதான். அதனால் படுத்துக்கொண்டு செய்யவே வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரட்டும். குழாயில் ஊதுகிறாரா என்றும் பாருங்கள், பலர் செய்யும் தவறு அது.

தலைசுற்றல் இடைவெளியின்றிச் செய்வதால் வரும். ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் இரண்டு மூன்று சாதாரண மூச்சு விடட்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை போதும்.

வலிமருந்து வேலை செய்யத் தொடங்கியபின் இருமச் சொல்லுங்கள். தலையணையை வயிற்றோடு இரு கையாலும் அழுத்திப் பிடித்து, வாயைத் திறந்து 'ஹா' என்று இரண்டு முறை பலமாக ஊதி, பிறகு ஒரு இருமல். தையல் பிரியாது, தைரியமாகச் செய்யலாம். வராந்தாவில் நடப்பதும் இதே அளவு முக்கியம். வீட்டில் சிபாப் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும்) கருவி பயன்படுத்துபவர் என்றால் மருத்துவரிடம் சொல்லி இன்றிரவே அதைப் பொருத்துங்கள்.

நாடித்துடிப்பு 120ஐத் தாண்டி அப்படியே நின்றாலோ, காய்ச்சலோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். உள்ளே இரைப்பைத் தையலில் கசிவோ நுரையீரலில் ரத்தக்கட்டோ இருக்கலாம்.