குட்டி நாயின் பல் பட்டாலும் ஊசி வேண்டும்

கேள்வி: பாலாற்றங்கரையில் கிடந்த நாய்க்குட்டியை என் பேரன் தூக்கிவந்து மூன்று வாரம் ஆகிறது. குட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும். நாலு நாளுக்கு முன் விளையாடும்போது பல் கீறி அவன் கையில் லேசாக ரத்தம் கசிந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன், ஆறிவிட்டது. "குட்டிக்கு விஷம் கிடையாது" என்கிறார்கள். ஆறு வயதுப் பையனுக்கு ஊசி தேவையா? குட்டியின் காதோரம் வட்டமாக முடி கொட்டியிருக்கிறது, அது ஒட்டிக்கொள்ளுமா?
- ஒரு வாசகி, பள்ளிகொண்டா

பதில்: அம்மா, இன்னும் ஊசி போடவில்லை என்றால் இதைப் படித்ததும் பேரனை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் கிருமி நரம்பு வழியாக மூளையை எட்டப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். எட்டிவிட்டால் பிழைக்க வைக்க மருந்து கிடையாது.

குட்டிக்கும் ரேபிஸ் வரும். உங்களிடம் வருவதற்கு முன்பே அதை ஏதாவது ஒரு நாய் கடித்திருக்கலாம்.

ஒரு துளி ரத்தம் வந்தாலும் அது நாய்க்கடிக் காயங்களில் மிகக் கடுமையான மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலின் என்ற சீரமும் வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமியைக் காயத்திலேயே மடக்குவது சீரம். ஆறிய தழும்பாக இருந்தாலும் அந்த இடத்திலேயே போடுவார்கள். அளவு எடையைப் பொறுத்தது: குதிரைச் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் என்றால் 20. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டினால் சீரம் போட மாட்டார்கள். அது எல்லா இடத்திலும் இருக்காது என்பதால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடுவது நல்லது.

தடுப்பூசி தோலுக்குள் போடுவது, 0, 3, 7, 28ஆம் நாள்களில். திங்களன்று தொடங்கினால் வியாழன், அடுத்த திங்கள், பிறகு முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் முடியும் திங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மி.லி. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதெல்லாம் பழைய காலம். பத்தியமும் தேவையில்லை, கறி மீன் சாப்பிடலாம்.

குட்டியை விரட்டிவிடாதீர்கள், கட்டிவைத்துக் கவனியுங்கள். கீறிய நாளிலிருந்து 10 நாள் தாண்டியும் அது நன்றாக இருந்தால் அந்தக் கீறலால் ரேபிஸ் வராது. மீதி ஊசிகளை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்வார். ஆனால் அந்த 10 நாளும் ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது. சாப்பிடாமல் ஒதுங்கினால், எச்சில் ஒழுகினால், குரல் மாறினால், பின்னங்கால் தள்ளாடினால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி பல்லோ நகமோ பட்டால் மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். கிருமியின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைத்துவிடும். சுண்ணாம்பு சதையைத்தான் அரிக்கும்.

காதோர வட்டம் படர்தாமரையாக இருக்கலாம். ஒட்டிக்கொள்ளும். பேரன் தோலில் சிவந்த வட்டம் தெரிந்தால் மருந்துக்கடையில் கேட்டு களிம்பு வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

கால்நடை மருத்துவமனையில் குட்டியை எடை போட்டுப் பூச்சி மருந்தும் கேளுங்கள். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மூன்று மாதம் முடிந்ததும் அதற்கு ரேபிஸ் ஊசி, அடுத்த மாதம் இன்னொன்று, பிறகு ஆண்டுதோறும். அதன் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும், பேரன் செருப்போடு விளையாடட்டும்.