மசூரியில் கண்டது பேயா, அங்கீட்டியா?

கேள்வி: கடந்த டிசம்பரில் குடும்பத்துடன் மசூரி சென்று, வெள்ளைக்காரர் காலத்து விடுதி ஒன்றில் தங்கினோம். குளிருக்காக அறைக்குள் அங்கீட்டி எனப்படும் கரிக் கணப்பு அடுப்பை வைத்துத் தந்தார்கள். விடியும் நேரத்தில் ஓர் உருவம் கட்டிலருகே வந்து மார்பை அழுத்தியதாகவும், அசையவோ கத்தவோ முடியவில்லை என்றும் என் மாமியார் சொல்கிறார். அன்று காலை எங்கள் அனைவருக்குமே தலைவலி. மசூரி சவாய் ஹோட்டலில் ஓர் ஆங்கிலப் பெண்ணின் ஆவி உலவுவதாக அண்டை வீட்டார் சொன்னதிலிருந்து அவர் தனியே உறங்க அஞ்சுகிறார். அந்தக் கதை உண்மையா?
- ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: மரணம் உண்மை. 1902இல் திறக்கப்பட்ட சவாயில், 1911ஆம் ஆண்டு ஃபிரான்சஸ் கார்னெட் ஓர்ம் என்ற பெண்மணி, தாழிட்ட அறைக்குள் இறந்து கிடந்தார். பிரசிக் அமிலம் என்ற கொடிய நஞ்சே காரணம் என்று தெரியவந்தது. அவருடன் தங்கியிருந்த தோழி மீது வழக்குத் தொடரப்பட்டு, அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இறந்தவரும் தோழியும் ஆவிகளுடன் பேசுவதில் நம்பிக்கை உள்ளவர்கள் என்பது கதைக்கு மேலும் வலுவூட்டிவிட்டது. தன்னைக் கொன்றவரைத் தேடி அவர் தாழ்வாரங்களில் அலைகிறார் என்கிறார்கள். யாரேனும் தண்டிக்கப்பட்டிருந்தால் அந்த ஆவிக்கு அலைய வேலையே இருந்திராது என்பது என் எண்ணம்.

உங்கள் மாமியார் கண்டதை நம் ஊர்ப் பக்கம் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் செயலற்றிருப்பது இயல்பு. அந்த நிலை நீங்குவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்க உடல் அசையாது, கனவின் உருவம் அறைக்குள்ளேயே நிற்பதுபோல் தோன்றும். மருத்துவர்கள் இதை உறக்க முடக்கம் என்கிறார்கள். புது இடம், குறைந்த தூக்கம், மல்லாந்து படுத்தல் ஆகியவை இதற்கு ஏதுவானவை. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விலகிவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அச்சுறுத்தியது அந்த உருவமன்று, அனைவருக்கும் வந்த தலைவலி. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிப்படுகிறது. நிறமும் மணமும் அற்ற அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், தலைவலி, குமட்டல், மனக்குழப்பம், சில வேளைகளில் இல்லாததைக் காணுதல் எனத் தொடங்கி உயிரையே பறித்துவிடும். அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் 1921இல் வெளியிட்ட குறிப்பில், பழைய வீடொன்றில் குடியேறிய குடும்பத்தினர் காலடி ஓசை கேட்டதையும், உருவங்களைக் கண்டதையும், வெப்பமூட்டும் உலை பழுதாகி வீட்டுக்குள் வாயு கசிந்ததே அதற்குக் காரணம் என்பதையும் பதிவு செய்திருக்கிறார். உங்கள் அறையிலும் அதுவே நடந்தது என்று இங்கிருந்து அறுதியிட்டுச் சொல்ல இயலாது; எனினும் தில்லிக் குளிர்காலத்தில் அங்கீட்டி வைத்து உறங்கியவர்கள் மாண்ட செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம் அல்லவா?

இனி எந்த மலை விடுதிக்குச் சென்றாலும் மின்சார ஹீட்டரையே கேட்டு வாங்குங்கள். கரி மூட்டிய அறையில் பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், உடனே அனைவரும் வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாமியாரை வற்புறுத்தாமல், சில நாட்கள் யாரேனும் உடன் படுத்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்து உறங்கச் சொல்லுங்கள். அமுக்குவது அடிக்கடி நேர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டலாம்.